யார் விளக்கை யார் அணைப்பது?

சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பார்ப்பது மனித குலத்தின் பழைய வழக்கம். பிறருக்கு உபதேசம் செய்பவன் அவ்வுபதேசப்படி நடக்கின்றானா என்று கேளாத சமுதாயம் உலகில் எங்கும் இருந்ததில்லை. வள்ளுவர் இக்கேள்விக்கென்றே ‘கூடாவொழுக்கம்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அவர் இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. உண்டு உடுத்து வாழும் சாதாரண மனிதனின் ஆசைகளை அவர் அங்கே விசாரணைக்கு எடுக்கவில்லை. துறந்துவிட்டேன் என்று ஊரறியச் சொல்லி, அச்சொல்லினால் வரும் மதிப்பையும் பெற்றுக்கொண்டு, மறைவிலே துறவாதிருப்பவனையே விசாரித்தார். வேடத்தினால் ஆதாயம் பெறுபவனிடந்தான் வேடத்தின் கணக்கைக் கேட்க வேண்டும் என்பது அந்த வைப்புமுறையின் கருத்தென நாம் கொள்ளலாம்.

இன்று இப்பழைய கேள்வி புதியதொரு களத்திற்கு வந்திருக்கிறது. பூமி வெப்பமடைகின்றது, மழை பருவம் தப்புகின்றது, மலை சரிகின்றது. எரிபொருளைக் குறையுங்கள், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள், மரத்தை வெட்டாதீர்கள் என்று அரசுத் தலைவர்கள் மாநாடுதோறும் பேசுகின்றனர். பேசுவோர் எப்படி வாழ்கின்றனர்? அவர்களது மாளிகைகளில் எத்தனை விளக்குகள் எரிகின்றன? எத்தனை வாகனங்கள் அவர்களுக்கு முன்னும் பின்னும் ஓடுகின்றன? பதுளையிலும் ஊவாவின் தோட்டப்புறங்களிலும் நின்று இக்கேள்வியைக் கேட்கும்போது, பெருநகரங்களில் கிடைக்காத ஒரு தெளிவு கிடைக்கின்றது. அத்தெளிவை நாடியே இங்கே சில எண்ணங்களை முன்வைக்கின்றோம்.

குற்றச்சாட்டின் வலிமையும் வரம்பும்

முதலில் உலகறிந்த ஓர் உதாரணத்தை நோக்குவோம். அமெரிக்காவின் முன்னாள் உப ஜனாதிபதி அல் கோர், பூமி வெப்பமடைதல் பற்றிய எச்சரிக்கையை ஊர் ஊராக எடுத்துச் சென்றவர். அவரது பிரசாரத்தை அடிப்படையாகக் கொண்ட ஆவணப்படம் 2007 பெப்ரவரியில் ஒஸ்கார் விருது பெற்றது. விருது கிடைத்த மறுநாளே, அவரது சொந்த மாநிலமான டென்னசியிலுள்ள ஓர் ஆய்வு நிலையம் அவரது வீட்டு மின்பட்டியலை வெளியிட்டது. 2006ஆம் ஆண்டில் அவ்வீடு ஏறத்தாழ 2,21,000 அலகு மின்சாரத்தை விழுங்கியது என்றும், அது சராசரி அமெரிக்க வீட்டைப் போல் இருபது மடங்கு என்றும் அது கூறியது. அவ்வீடு அலுவலகமாகவும் பயன்படுகின்றது, கூடுதல் விலை கொடுத்துப் பசுமை மின்சாரமே வாங்கப்படுகின்றது என்று அவர் தரப்பினர் விடை கூறினர். பின்னர் அவ்வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகளும் ஏறின. ஆயினும் கேலி நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் காலநிலை மாநாடு கூடியபோது, தலைவர்களும் செல்வந்தர்களும் தனி விமானங்களில் வந்திறங்கிய காட்சியைக் கண்டு அதே கேலி மீண்டும் எழுந்தது.

இந்தக் கேலியில் நியாயம் உண்டு. ஆனால் அது எதை நிரூபிக்கின்றது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்தறிய வேண்டும். சாராயக்கடையிலிருந்து தள்ளாடி வரும் ஒருவன், ‘முன்னே பாலம் உடைந்து கிடக்கின்றது’ என்று நம்மை எச்சரிக்கின்றான். அவன் குடிகாரன் என்பதனால் உடைந்த பாலம் செம்மையாகிவிடாது. அவன் பேச்சை எள்ளி நகையாடிவிட்டு முன்னே செல்பவன் ஆற்றிலேதான் விழுவான். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது பௌதிக உண்மை. அதைச் சொல்பவர் ஓலைக் குடிசையில் இருந்தாலும் மாளிகையில் இருந்தாலும் அவ்வுண்மை ஓர் இம்மியும் அசையாது.

இதனை நன்கறிந்தும் சிலர் குற்றச்சாட்டை விடாமல் எழுப்புவதற்குக் காரணம் வேறு. சொல்பவனைக் குலைத்துவிட்டால் சொல்லையும் குலைத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் இலாபம் காண்போருக்கு இது மிகவும் வாய்ப்பான ஆயுதம். எனவே பாசாங்கைக் கண்டிக்கும் ஒவ்வொரு குரலும் மக்களின் குரல் என்று நாம் ஏமாந்துவிடலாகாது. சுரண்டுவோனும் பாசாங்கைக் கண்டிப்பான், அது தனக்கு உதவுமானால்.

அப்படியாயின் சொல்வோரின் வாழ்க்கை பற்றிய விசாரணையே தேவையற்றதா? அன்று. அரசியல்வாதியின் பேச்சு ஒரே தன்மை உடையது அன்று. அவர் உண்மையொன்றை எடுத்துரைக்கலாம். அங்கே சான்றுகளை மட்டும் நோக்கினால் போதும். ‘நீங்கள் இதை விட்டுக்கொடுங்கள்’ என்று பிறரைப் பணிக்கலாம். அங்கே பணிப்பவரும் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றாரா என்று கேட்பது நியாயம். ‘நாம் பூமியைக் காத்தோம்’ என்று புகழைக் கோரலாம். அங்கே அந்தக் காப்புக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்பது கடமை. முதலாவதை இரண்டாவதோடு குழப்புவோர் விஞ்ஞானத்தை மறுக்கும் நிலைக்கு வந்து சேர்வர். இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலாவதின் மறைவில் ஒளித்துவைப்போர் அநீதியை விஞ்ஞானமென்று விற்பர்.

தோட்டத்து மக்களுக்கு இதனை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம். அச்சொல் செக்ரோல். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ எடுத்தார், யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்பதெல்லாம் அதில் பதியப்படும். தியாகத்திற்கும் ஒரு செக்ரோல் உண்டு. அதில் பிறர் பெயரையெல்லாம் எழுதித் தம் பெயரை மட்டும் எழுதாது விடுபவரே இவ்விடயத்தில் பாசாங்குக்காரர்.

ஊவாவின் சாட்சியம்

பதுளையைச் சூழ்ந்த மலைகள் என்றும் தேயிலை மலைகளாக இருந்தவை அல்ல. 1840ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டத்தின் பின்னர் மலைநாட்டுக் காடுகள் முடிக்குரியனவாகித் துரைமாருக்கு விற்கப்பட்டன. முதலில் காப்பி வந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, பூனாகலை என்று பெயர் சொல்லும் மலைகளெல்லாம் இவ்வாறே மொட்டையடிக்கப்பட்டுப் பச்சை போர்த்தப்பட்டன. காடு அழிந்தால் மழையும் மண்ணும் கெடும் என்று அன்றே அறிந்திருந்தனர். கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்க வேண்டுமென்று இலங்கை அரசுக்கு ஆலோசனை கூறினார். காப்பி பெரும்பாலும் அந்த உயரத்திற்குக் கீழேயே விளைந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இலாபம் தீண்டாத உயரத்தில் காட்டின் மீது கருணை பிறந்தது! மண் அரிப்பைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்ததோ 1951ஆம் ஆண்டிலேதான்.

மரத்தை வெட்டியவை தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட கூலிகளின் கைகள். வெட்டு என்று ஆணையிட்டவை வேறு கைகள். அந்த உழைப்பாளரின் சந்ததியினர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர். லயன்காம்பறா மாறவில்லை, அது நிற்கும் சரிவும் மாறவில்லை.

அந்தச் சரிவு 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் இறங்கிற்று. லயன்கள் மண்ணுக்குள் மறைந்தன. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் பலர் வீடு திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டவர்கள் இருந்தனர். மாற்றுக் காணியையும் வீட்டையும் கொடுத்து மக்களை அகற்றுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மண்சரிவினால் மிக மோசமாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாயிற்று. பூமியை வெப்பமாக்கியதில் லயத்து அடுப்பின் பங்கு என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை. விளைவில் அதன் பங்கு? உயிர்.

இனித் ‘தியாகம்’ கோரப்பட்ட சந்தர்ப்பங்களைப் பார்ப்போம். 2021 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தும் முடிவை அறிவித்தார். மே மாதம் அது வர்த்தமானியில் வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு அதன் பின்னணியில் இருந்ததை நாடறியும். எனினும் நவம்பரில் கிளாஸ்கோ மேடையில் அது சுற்றாடல் மீது கொண்ட பற்றின் அடையாளமாகவே உலகுக்குக் காட்டப்பட்டது. அதே நவம்பர் முடிவதற்குள் இங்கே தடை விலக்கப்பட்டது. அதற்குள் கேடு நேர்ந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக விழுந்தது.

இந்த ஐந்து கோடிக் கிலோ எங்கே குறைந்தது? கொழுந்துக் கூடையிலே குறைந்தது. குறித்த கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்பது மலையின் சட்டம். பசளையில்லாச் செடி கொழுந்து விடாது. கொழுந்தில்லாக் கூடை நிறையாது. நிறையாத கூடைக்கு அரைப்பேர். இரசாயனப் பசளையின் மிகைப் பாவனை மண்ணுக்கும் நீருக்கும் கேடு என்பது மெய்யே. சேதனப் பசளைக்குப் படிப்படியாக மாறுவது நல்ல நோக்கமே. ஆயினும் அந்த நோக்கத்தின் புகழ் கிளாஸ்கோவில் அறுவடையாயிற்று. அதன் நட்டம் பசறையிலும் லுணுகலையிலும் நிறுக்கப்பட்டது. நாம் கண்டிப்பது இந்தப் பங்கீட்டை.

உமா ஓயாத் திட்டத்தை அடுத்து நோக்குவோம். 2008இல் ஈரானின் துணையுடன் தொடங்கிய அத்திட்டம் 2024 ஏப்ரல் மாதம் இரு நாட்டு ஜனாதிபதிகளால் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவாற் மின்சாரம், புகையற்ற மின்சாரம். தென்கிழக்கின் வறண்ட வயல்களுக்கு நீரும் உண்டு. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் மலையைக் குடைந்து சுரங்கம் அமைக்கையில் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் உடைத்துப் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதிக் கிராமங்களில் கிணறுகள் வற்றின; வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூன் மாதம் மக்கள் தெருவில் இறங்கினர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வற்றிய கிணற்றின் முன் நின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஏனெனில் இது ஓர் இனத்தின் முறையீடு மட்டும் அன்று. மேடையிலே பேசும்போது ‘தூய மின்சாரம்’ என்கின்றோம். கிணறு வற்றியவளிடம் கேட்டால் அந்தத் தூய்மையின் விலையை அவள் குடங்கணக்கில் சொல்வாள்.

அந்த மின்சாரந்தான் யாரை அடைகின்றது? மலைநாட்டு நீர் நெடுங்காலமாக நாட்டின் நகரங்களுக்கு ஒளியூட்டி வருகின்றது. நீர்மின் நிலையங்களுக்கு அருகேயுள்ள லயன்களிற் பல அந்த ஒளியை வெகுகாலம் தாழ்த்தியே கண்டன. வந்த மின்சாரமும் பழைய கம்பியிலே ஓடி, மின்னொழுக்கினால் லயன் எரிந்த செய்தியாக இன்றும் வருகின்றது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் உயர்ந்தபோது, மாதம் முப்பது அலகுக்கும் குறைவாகப் பாவிப்போருக்கு உயர்வு 264 வீதம். மிகுதியாகப் பாவிப்போருக்கு ஏறத்தாழ 80 வீதம். முன்பு ஏழைக்குக் கட்டணம் மிகக் குறைவாக இருந்தது, ஆகவே வீதம் பெரிதாகத் தோன்றுகின்றது என்று அதிகாரிகள் விளக்கம் கூறலாம். கணக்கின்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு மின்குமிழில் ஒன்றை அணைப்பதும், இருபது மின்குமிழில் ஒன்றை அணைப்பதும் ஒரே சிக்கனம் ஆகுமா? முன்னவன் வீட்டில் பிள்ளையின் புத்தகம் இருளில் மூடப்படுகின்றது. பின்னவன் வீட்டில் ஒன்றும் நிகழ்வதில்லை.

2007இல் சிட்னி நகரில் தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் விளக்கணைக்கும் வழக்கமொன்று உலகில் பரவியிருக்கின்றது. அதன் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் மண்ணெண்ணெய் விளக்கிலே தலைமுறைகளைக் கழித்த மக்களுக்கு இருளை ஒரு விரதமாகக் கற்பிக்கச் செல்வோர், செல்லும் வழியில் சற்று நாணுதல் நன்று.

உயிர்ப்புகையும் உல்லாசப்புகையும்

கவ்வாத்து வெட்டிய மலையிலே மிலாறு பொறுக்கித் தலையில் சுமந்து வரும் பெண்ணை நாம் காண்கின்றோம். பகலெல்லாம் கொழுந்தெடுத்த கைகளே மாலையில் விறகு கட்டுகின்றன. அவளது அடுப்பும் புகைகின்றது. விறகு பொறுக்குவோரால் காடு அழிகின்றது, புகை எழுகின்றது என்று அறிக்கை எழுதுவோர் இருக்கின்றனர். அவளது அடுப்புப் புகையையும் தனி விமானத்தின் புகையையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி?

தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ஆம் ஆண்டிலேயே இக்கேள்வியை உலகின் முன் வைத்தனர். ஏழை நாட்டு வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் எழும் வாயுவையும், பணக்கார நாட்டு மோட்டார் வண்டியின் வாயுவையும் வேறுபாடின்றிக் கூட்டும் கணக்கு நீதியற்றது என்று அவர்கள் வாதிட்டனர். அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஹென்றி ஷூ 1993இல் அதே வேறுபாட்டை அறவியலின் மொழியில் வகுத்தார். உயிர் வாழ்வதற்கான புகை ஒன்று. உல்லாசத்திற்கான புகை மற்றொன்று. முன்னதைக் குறைக்கச் சொல்வதற்கு முன் பின்னதைக் குறைத்தாக வேண்டும்.

இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமில வாயு தலைக்கு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கரின் அளவு அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். இதைக் காட்டி நம் தலைவர்கள் சர்வதேச அரங்குகளில் நியாயம் கேட்கின்றனர், கேட்பது சரியே. ஆனால் அந்த ஒரு தொன் என்ற சராசரிக்குள்ளே கொழும்பின் குளிரூட்டிய மாளிகையும் இருக்கின்றது, மடுல்சீமையின் மிலாறு அடுப்பும் இருக்கின்றது. வெளியே ஏழையின் பெயரால் நியாயம் கேட்டு, உள்ளே அந்த ஏழையையே முதலில் சிக்கனம் செய்யச் சொல்பவர், ஏழையின் அடுப்பைத் தம் வாகனத்திற்குத் திரையாகப் பிடிக்கின்றார்.

நமது மலையகத் தலைவர்களும் இவ்விசாரணைக்குப் புறம்பானவர் அல்லர். பாராளுமன்ற உறுப்பினர்க்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. தொழிலாளியின் சந்தாவில் எழுந்த தலைமை, ஏழு பேர்ச் காணிக்குப் பல ஆண்டுகள் மேடையேறிய தலைமை, அந்தச் சலுகையின் முன் மட்டும் எதிர்க்கட்சி ஆளுங்கட்சி என்ற பேதத்தை மறந்ததுண்டு.

இவ்விடத்தில் முற்போக்காளரிடையே வழங்கும் ஒரு விடையையும் பரிசீலிக்க வேண்டும். ‘தனிமனிதனின் மின்குமிழைப் பற்றிப் பேசுவதே திசைதிருப்பல், உற்பத்தி முறை மாறினாலன்றி எதுவும் மாறாது’ என்பர் சிலர். இதில் பெரிய உண்மை இருக்கின்றது. ஒரு தலைவர் தம் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தாலும் நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம் அணையாது. ஆயினும் அவ்வுண்மையையே தம் சொந்தச் சொகுசுக்குக் கவசமாக்கிக் கொள்ளும்போது அது பொய்யாகிவிடுகின்றது. அமைப்பு என்பது வானத்திலிருந்து தொங்குவதன்று. முடிவெடுக்கும் மேசையில் அமர்ந்திருப்போரின் பழக்கங்களும் அச்சங்களும் அதில் உண்டு. சரிவிலே வாழ்ந்திராதவர்க்குச் சரிவின் எச்சரிக்கை ஒரு கோப்பு மட்டுமே. ஒருவருடைய வாழ்க்கைமுறை அவர் வாதத்தைப் பொய்யாக்காது. அவர் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை மட்டும் நிர்ணயித்துவிடும்.

இதற்கு மறுபுறத்திலும் ஒரு பொறி உண்டு. வருடத்தில் ஒரு நாள் மிதிவண்டியில் அலுவலகம் செல்வதும், ஜூன் ஐந்தாம் தேதி மரக்கன்று நடுவதும், படம் எடுத்து முடிந்ததும் வாகனத்தில் ஏறுவதும் தூய்மையின் சான்றாகிவிடுகின்றன. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் அளவுகோலாக்கினால் இத்தகைய வேடங்களே பெருகும். வேடம் போடத் தெரிந்தவன் தேறிவிடுவான். வேடமறியாது உண்மையைச் சொன்னவன் தோற்றுவிடுவான். துறவியின் காவியைக் கண்டு மயங்காதே என்று கற்பித்த மரபில் வந்த நாம், மிதிவண்டியைக் கண்டு மயங்கலாமா?

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டிய சோதனை எளியது. சுற்றாடலின் பேரால் ஒரு திட்டம், ஒரு தடை, ஒரு கட்டணம் வரும்போது நாம் கேட்க வேண்டியவை: இதில் முதலில் விட்டுக்கொடுப்பவர் யார்? விட்டுக்கொடுத்த பின் அவரிடம் எஞ்சுவது என்ன? இந்த முடிவை எடுத்தவரின் பெயர் அந்தச் செக்ரோலில் உண்டா? இக்கேள்விகளுக்கு நேர்மையான விடை இருக்குமாயின், அத்தலைவர் விமானத்தில் வந்தாலும் நாம் அவரோடு நடக்கலாம். விடை இல்லையாயின், அவர் வெறுங்காலோடு வந்தாலும் ஐயுறவே வேண்டும்.

ஊவாவின் தொழிலாளி சுற்றாடல் இயக்கத்தின் எதிரி அல்லன். மலை நிலைக்க வேண்டும் என்பதில் அவனைவிட அக்கறையுடையவர் யார்? மலை சரிந்தால் பிறர்க்கு அது செய்தி. அவனுக்கு அது வீட்டின் கூரை. அவன் கேட்பது சலுகையன்று. பாதுகாப்பான நிலத்தில் தன் பெயரில் காணி, புகையில்லா அடுப்பு, எரியாத கம்பியில் மின்சாரம், வற்றாத கிணறு ஆகியவற்றையே கேட்கின்றான். இவையே மலைநாட்டின் முதற் சுற்றாடற் கொள்கையாக வேண்டும். விளக்கணைக்கும் காலம் வந்துவிட்டதென்றால் அணைப்போம். அதில் நமக்குத் தயக்கமில்லை. அணைக்கும் வரிசை மட்டும் பங்களாவிலிருந்து தொடங்கட்டும், லயத்திலிருந்து அன்று.